ஐந்து வயதுக் குழந்தைக்குச் சர்க்கரை நோயா?

குழந்தை நலம்: வாசகர் கேள்விகளுக்குக் குழந்தைகள் நல மருத்துவரின் பதில்கள்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு ஒரே மகள். ஐந்து வயது. யு.கே.ஜி. படிக்கிறாள். போன மாதம் வரை தெருவில் ஓடியாடிக்கொண்டிருந்த பிள்ளை. திடீரென்று எந்நேரமும் தண்ணீர் தண்ணீர் என்று கேட்க ஆரம்பித்தாள். ராத்திரியில் படுக்கையை நனைத்தாள். மூன்று வயதிலேயே அந்தப் பழக்கம் நின்றுபோனது என்பதால், வேண்டுமென்றே செய்கிறாள் என்று நினைத்துத் திட்டினேன். ஒருநாள் அடித்தும்விட்டேன். பாத்ரூமில் எறும்பு மொய்த்ததைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. வெயில் சூடுதான் என்று மாமியார் இளநீர் வாங்கிக் கொடுத்தார். உடம்பு மெலிந்துகொண்டே வந்தது. பிறகு ஒருநாள் வாந்தி, வயிற்றுவலி, மூச்சு இழுத்து இழுத்து வாங்கியது. பக்கத்துக் கிளினிக்கில் வீசிங் என்று சொல்லி நெபுலைசர் வைத்து அனுப்பினார்கள். அன்று இரவே அரை மயக்கமாகிவிட்டாள். பெரிய மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். சர்க்கரை 540 என்றார்கள். ஐ.சி.யு.வில் வைத்து உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். டைப் 1 சர்க்கரை நோய், ஆயுள் முழுக்க ஊசி என்று சொல்லிவிட்டார்கள்.

இப்போது வீட்டுக்கு வந்துவிட்டோம். தினமும் நான்கு ஊசி. போதாக்குறைக்கு விரலைக் குத்திக் குத்தி டெஸ்ட். ஊசியைப் பார்த்தாலே கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறாள். நானும் மாமியாரும் இழுத்துப் பிடித்துத்தான் போடுகிறோம். அந்த நேரத்தில் கணவர் வாசலுக்குப் போய்விடுகிறார். எனக்கு ராத்திரித் தூக்கமே இல்லை. மூக்கருகே கை வைத்து மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

இதற்கிடையில் சர்க்கரை நன்றாகக் குறைந்து, டாக்டரே ஊசி அளவைப் பாதியாக்கிவிட்டார். ‘நோய் தன்னால போயிட்டிருக்கு. ஊசிக்கு அடிமையாக்கிடாத. நாட்டு மருந்து குடுத்தா அடியோட போயிடும்’ என்று மாமியார் சொல்லி, ஒரு வைத்தியரிடம் போக நாள் குறித்துவிட்டார்கள். ‘பொம்பளப் புள்ள, வெளிய சொல்லிக்காத’ என்றும் கட்டளை. பள்ளிக்கும் அனுப்பவில்லை. நான் என்ன பாவம் செய்தேன், இனி என்ன செய்வது என்று தெரியவில்லை.

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கரூர் மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். குறித்த நாளில் நீங்கள் அந்த வைத்தியரிடம் போனாலும் சரி, போகாவிட்டாலும் சரி, இன்சுலின் ஊசி நிற்கக் கூடாது. உங்கள் மருத்துவர் சொல்லாமல் ஒரு வேளைகூடத் தவறக் கூடாது. முழுக்க நிறுத்தினால் சில நாட்களில், சில குழந்தைகளுக்கு ஒன்றிரண்டு நாளிலேயே, அதே வாந்தி, அதே மூச்சிரைப்பு, அதே ஐ.சி.யு. என்று திரும்பி வரும். அந்த முறை நேரத்துக்குப் போய்ச் சேர்வோம் என்று சொல்ல முடியாது. சாப்பாட்டுக் கணக்கு, விரல் டெஸ்ட், பள்ளிக்கூடம், சொந்தக்காரர்களின் பேச்சு எல்லாவற்றையும் மெல்ல மெல்லப் பழகிக்கொள்ளலாம். அதில் தப்பு நடந்தால் திருத்திக்கொள்ளவும் முடியும். இந்த ஒன்றில் மட்டும் பரிசோதனை செய்து பார்க்க இடமில்லை.

அடிமையாக்குமா ஊசி?

உங்கள் மாமியார் பார்த்த சர்க்கரை நோய் வேறு. பெரியவர்களுக்கு வரும் டைப் 2-ல் உடம்பில் இன்சுலின் சுரக்கும், ஆனால் சரியாக வேலை செய்யாது. அதனால் மாத்திரை, நடைப்பயிற்சி, உணவுக் கட்டுப்பாடு என்று பல வழிகள் உண்டு. உங்கள் மகளுக்கு வந்திருக்கும் டைப் 1-ல் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே ஆள் தெரியாமல் கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துவிடுகிறது. இன்சுலின் இல்லாவிட்டால் சாப்பிட்ட சாப்பாடு ரத்தத்தில் சர்க்கரையாகத் தேங்குமே தவிர உடம்பில் சேராது. பசியில் தவிக்கும் உடம்பு கொழுப்பைக் கரைத்து எரிக்கும்போது கீட்டோன் என்ற அமிலம் சேர்கிறது. அந்த அமிலத்தை வெளியேற்றத்தான் அன்று அவள் அப்படி மூச்சு வாங்கினாள். அது வீசிங் இல்லை.

ஆக, இந்த ஊசி உடம்பில் ஊற வேண்டிய ஒன்று ஊறாமல் போனதால் வெளியிலிருந்து கொடுப்பது. எல்லோர் உடம்பிலும் பிறந்தது முதல் இருப்பதுதான். அதற்கு யாரும் அடிமையாவதில்லை.

இன்சுலின் கிடைப்பதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதும் தெரிந்திருக்கட்டும். நூறு ஆண்டுகளுக்கு முன் இந்த நோய் வந்த பிள்ளைகளைப் பட்டினி போட்டுத்தான் கொஞ்ச நாள் இழுத்து வைத்திருந்தார்கள். பெரும்பாலான பிள்ளைகள் ஓரிரண்டு ஆண்டுகளைத் தாண்டவில்லை. 1922 ஜனவரியில் கனடாவின் டொரண்டோ நகர மருத்துவமனையில் எலும்பும் தோலுமாகக் கிடந்த லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்குத்தான் முதன்முதலில் இன்சுலின் போடப்பட்டது. 11-ஆம் தேதி போட்ட முதல் மருந்து சரியாகச் சுத்திகரிக்கப்படாததால் பெரிதாகப் பலன் தரவில்லை. சுத்தப்படுத்தி 23-ஆம் தேதி போட்டபோது சர்க்கரை இறங்கியது, பையன் தேறினான். கண்டுபிடித்தவர்கள் காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் என்ற பெயரளவு விலைக்கு டொரண்டோ பல்கலைக்கழகத்திடம் கொடுத்தார்கள். இதற்காக நோபல் பரிசு பெற்ற பிரெடரிக் பாண்டிங் பிறந்த நவம்பர் 14-தான் உலக நீரிழிவு தினம். நம் நாட்டில் அன்றுதான் குழந்தைகள் தினம் என்பது தற்செயல்.

ஊசி அளவு ஏன் குறைந்தது?

உங்கள் வீட்டுச் சண்டையின் ஆணிவேர் இங்கேதான் இருக்கிறது. நோய் தெரியவரும்போது பீட்டா செல்களில் ஒரு பகுதி மிச்சம் இருக்கும். ஏறிக்கிடந்த சர்க்கரையால் அவையும் செயலிழந்து கிடக்கும். நாம் இன்சுலின் கொடுத்துச் சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்ததும் அவை இளைப்பாறி, கொஞ்சம் இன்சுலின் சுரக்கத் தொடங்கும். அப்போது வெளியிலிருந்து கொடுக்கும் அளவு குறையும். மருத்துவர்கள் இதை ‘தேனிலவுக் காலம்’ என்பார்கள். சில குழந்தைகளுக்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும் நீடிக்கும். பிறகு அந்த மிச்சமும் போய்விடும், ஊசி அளவு ஏறும்.

நாட்டு மருந்தால் குணமானது என்ற கதைகளில் பல இந்தக் காலத்தில் பிறந்தவைதான். சர்க்கரை தானாக இறங்கும் நேரத்தில் ஒரு சூரணத்தைக் கொடுத்தால் பெயர் சூரணத்துக்குப் போகும். தேனிலவு முடிந்த பிறகு என்ன ஆயிற்று என்று கதை சொல்பவர்கள் சொல்வதில்லை. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. நம் ஊர்ச் சுவர்களைப் பார்த்தால் அப்படி ஒரு சட்டம் இருப்பதாகத் தெரியாது.

மாமியாரோடு மல்லுக்கட்ட வேண்டாம். பேத்தி மேல் உள்ள பாசத்தில்தான் சொல்கிறார். அடுத்த முறை செக்கப்புக்குப் போகும்போது அவரையும் கணவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ‘அளவு ஏன் குறைந்தது, இது எவ்வளவு நாள் இருக்கும்?’ என்று மருத்துவரிடம் அவர்கள் வாயாலேயே கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் நூறு முறை சொல்வதைவிட அந்தப் பத்து நிமிடம் பலிக்கும்.

நீங்கள் செய்த பாவம் எது?

எதுவும் இல்லை. அதிகமாக இனிப்புக் கொடுத்ததால் டைப் 1 வருவதில்லை. கர்ப்பத்தில் சாப்பிட்டது, சாப்பிடாமல் விட்டது, பயந்தது, அழுதது எதனாலும் வருவதில்லை. கொஞ்சம் மரபுக்கூறு, அதோடு இன்னும் முழுதாகப் பிடிபடாத ஏதோ ஒரு வெளித் தூண்டல் சேர்ந்து வருகிறது. இந்த நோய் வரும் பிள்ளைகளில் பத்தில் ஒன்பது பேர் அளவுக்கு, பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்த நோய் இருப்பதில்லை. ‘யார் வழியில் வந்தது’ என்று இரண்டு குடும்பங்களும் விரல் நீட்டிக்கொள்வதில் அர்த்தமே இல்லை.

படுக்கையை நனைத்ததற்கு அடித்தது உங்களை அரிக்கிறது. அது நோயை உண்டாக்கவும் இல்லை, முற்ற வைக்கவும் இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கு இது தண்டனை என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். அதனால் அவளை மடியில் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள்: ‘நீ பாயில மூச்சா போனது உன் தப்பு இல்ல செல்லம். உன் உடம்புல இன்சுலின் தீர்ந்துபோச்சு, அதனாலதான். அம்மாவுக்கு அப்போ தெரியல, அடிச்சிட்டேன். இனிமே அடிக்க மாட்டேன்.’ ஒருமுறை சொன்னால் போதும். தினமும் சொல்லி அழுதால் அவள் உங்களைத் தேற்ற வேண்டியதாகிவிடும்.

ஊசி நேரத்தை மாற்றுங்கள்

இழுத்துப் பிடித்து அழுத்திப் போடுவதால்தான் பயம் வளர்கிறது. வலியைவிடப் பிடியில் அகப்படுவதுதான் சிறுபிள்ளைக்குப் பெரிய பயம். இப்படிச் செய்து பாருங்கள்.

ஊசி போட ஓர் இடம் வையுங்கள். அவள் படுக்கையும் சாப்பிடும் இடமும் வேண்டாம். ஹாலில் ஒரு நாற்காலி போதும். தயார் செய்வதை அவள் கண்ணில் படாமல் முடித்துவிட்டு அழையுங்கள். ‘ஊசி போடலாமா?’ என்று கேட்காதீர்கள், வேண்டாம் என்றுதான் சொல்வாள். ‘இன்னிக்கு வலது தொடையா, இடது தொடையா?’ என்று கேளுங்கள். முடிவெடுக்கும் உரிமை கொஞ்சமாவது அவள் கையில் இருக்கட்டும். இடத்தைத் தினமும் மாற்றுவது எப்படியும் அவசியம். ஒரே இடத்தில் போட்டால் தோலடியில் கட்டி விழுந்து இன்சுலின் சரியாக ஏறாது. பேனா ஊசி என்றால் 4 மி.மீ. நீள ஊசியே பிள்ளைகளுக்குப் போதும். மருந்தை அழுத்திய பிறகு பத்து எண்ணும் வரை ஊசியை வெளியே எடுக்கக் கூடாது. அந்தப் பத்தை எண்ணும் வேலையை அவளுக்கே கொடுத்துவிடுங்கள். அழுதுகொண்டே எண்ணினாலும் எண்ணட்டும். சில வாரங்களில் அழுகை குறையும், எண்ணுவது மட்டும் நிலைக்கும்.

‘வலிக்கவே வலிக்காது’ என்று பொய் சொல்ல வேண்டாம். ‘சுருக்குன்னு ஒரு செகண்ட் வலிக்கும், உடனே போயிடும்’ என்பதுதான் உண்மை. பொம்மைக்கு அவள் கையால் ஊசி போட்டு விளையாடட்டும். வீட்டில் யாரும் ‘சேட்டை பண்ணினா ஊசி போட்டுடுவேன்’ என்று மிரட்டவே கூடாது. நம் ஊரில் இது சாதாரணப் பேச்சு. உங்கள் வீட்டில் அதற்கு இனி இடமில்லை.

கணவருக்கு ஒரு வேலை

அவர் வாசலுக்குப் போவது அக்கறை இல்லாமல் அல்ல என்றே நினைக்கிறேன். பிள்ளையின் அழுகையைத் தாங்க முடியாமல் விலகி நிற்கும் அப்பாக்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நாளாக ஆக, எதுவும் தெரியாததாலேயே கிட்ட வரப் பயப்படுவார்கள். முழுப் பாரமும் தாயின் தலையில் விழும். ‘நீங்களும் உதவக் கூடாதா?’ என்று பொதுவாகக் கேட்டால் நடக்காது. ஒரு வேலையை முழுதாக ஒப்படையுங்கள். இரவு போடும் நீண்டநேர இன்சுலின் அவர் பொறுப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். தினமும் ஒரே நேரம் என்பதால் பழக எளிது. கை நடுங்கினால், மருந்தில்லாத ஒரு புது ஊசியை முதலில் தன் தொடையில் குத்திப் பார்க்கட்டும். இவ்வளவுதானா என்று தோன்றும். அந்த ஊசியை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு, மகளுக்கு வேறு புதியது எடுக்க வேண்டும்.

இரவில் நீங்கள் மூச்சைப் பார்ப்பதால் பயன் இல்லை. சர்க்கரையைப் பாருங்கள். படுக்கப் போகும் முன் ஒருமுறை, இந்த ஆரம்ப காலத்தில் நடுராத்திரி இரண்டு மூன்று மணி வாக்கில் ஒருமுறை. அந்த நடுராத்திரி முறையைக் கணவரோடு மாற்றி மாற்றிப் பார்த்துக்கொள்ளுங்கள். அளவுகள் ஒரு நிலைக்கு வந்த பிறகு, மருந்து அளவு மாறிய நாள், அதிகம் ஓடி விளையாடிய நாள், காய்ச்சல் நாள் இவற்றில் மட்டும் பார்த்தால் போதும் என்று உங்கள் மருத்துவரே சொல்வார். கையில் ஒட்டிக்கொண்டு தொடர்ந்து அளவு காட்டும் சென்சார்களும் வந்துவிட்டன. இறங்கினால் அலாரம் அடிக்கும் வகையும் உண்டு. செலவு கூடுதல்தான். வசதிப்பட்டால் முதல் சில மாதங்களுக்காவது உதவும்.

70-க்குக் கீழே இறங்கினால் ‘லோ’. வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, காரணமில்லாத சிடுசிடுப்பு இவைதான் அடையாளம். உடனே குளுக்கோஸ் பொடியோ சர்க்கரையோ கொடுங்கள். 16 கிலோ எடையுள்ள பிள்ளைக்குச் சுமார் 5 கிராம், அதாவது ஒரு டீஸ்பூன். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். ஏறாவிட்டால் இன்னொரு முறை. சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, கையில் சர்க்கரையை ஏற்றும் குளுக்ககான் ஊசி இருந்தால் போட்டுவிட்டு, 108-ஐ அழையுங்கள்.

காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்து சாப்பிடாமல் கிடந்தாலும் இன்சுலினை முழுதாக நிறுத்தக் கூடாது. பல வீடுகளில் சறுக்குவது இங்கேதான். ‘சாப்பிடவே இல்லையே, ஊசி எதுக்கு?’ என்று விட்டுவிடுவார்கள். நோய்வாய்ப்பட்ட உடம்புக்குச் சில சமயம் கூடுதலாகவே தேவைப்படும். மருத்துவருக்கு போன் செய்து அளவைக் கேளுங்கள். வாந்தி நிற்காவிட்டால் மருத்துவமனைக்கே போய்விடுங்கள்.

வெளியே சொல்லலாமா?

சொல்லத்தான் வேண்டும். தெருவுக்கெல்லாம் தண்டோரா போட வேண்டாம். வகுப்பு ஆசிரியை, தலைமை ஆசிரியர், வேன் டிரைவர், அவள் விளையாடப் போகும் வீடுகள், இவர்களுக்குத் தெரிந்தே ஆக வேண்டும். அவள் மயங்கி விழும்போது பக்கத்தில் இருப்பவருக்கு நோய் இருப்பதே தெரியாமல் போவதுதான் பேராபத்து. மறைத்து வளர்க்கும் பிள்ளை, தன்னிடம் வெட்கப்பட ஏதோ இருக்கிறது என்று கற்றுக்கொள்ளும். பதின்ம வயதில் தோழிகள் முன் ஊசி போடக் கூச்சப்பட்டு வேளை தவறவிடும் பெண்களிடம் இதன் விளைவைப் பார்க்கிறோம்.

கல்யாணக் கவலைக்கு இன்னும் இருபது வருடம் இருக்கிறது. இந்த நோயுள்ள பெண்கள் படிக்கிறார்கள், வேலைக்குப் போகிறார்கள், மணமாகி, முன்கூட்டியே திட்டமிட்டுச் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து ஆரோக்கியமான குழந்தைகளும் பெறுகிறார்கள். டோக்கியோ ஒலிம்பிக் டென்னிஸில் தங்கம் வென்ற ஜெர்மனியின் அலெக்சாண்டர் ஸ்வெரெவுக்கு இந்த நோய் வந்தபோது ஏறக்குறைய உங்கள் மகளின் வயதுதான். பாகிஸ்தானின் வாசிம் அக்ரமுக்கு 30 வயது வாக்கில் வந்தது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் வேகப்பந்து வீசினார்.

மகளைப் பள்ளிக்கு அனுப்புங்கள். அடுத்த வாரமே அனுப்பலாம். முதல் சில நாட்கள் மதிய ஊசிக்கு நீங்களே போய் வரலாம். இவ்வளவுக்கும் பிறகு உங்களுக்குத் தூக்கம் வராமலே இருந்தாலோ, சோறு இறங்காவிட்டாலோ, எதற்கெடுத்தாலும் அந்த ஐ.சி.யு. ராத்திரியே கண்முன் வந்து நின்றாலோ, மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் ‘டெலி மனஸ்’ 14416 எண்ணில் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். பிள்ளையின் பரிசோதனை அட்டையில் உங்கள் பெயர் இருக்காது. ஆனால் இந்த வைத்தியம் நடப்பது உங்கள் கையால்தான். அந்தக் கைக்கு ஓய்வும் வேண்டும்.

*

கேள்வி: என் வகுப்பில் இரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு டைப் 1. பெற்றோர் சொன்னதிலிருந்து எனக்கே பயமாக இருக்கிறது. ஓட்டப் பந்தயத்தில் சேர்க்கலாமா? தேர்வு நேரத்தில் என்ன செய்வது?

- ஆசிரியை, தென்காசி

பதில்: தாராளமாகச் சேருங்கள். ஓடினால் சர்க்கரை இறங்கும் என்பதால், விளையாட்டுப் பீரியடுக்கு முன் அளவு பார்த்து, தேவைப்பட்டால் பிஸ்கட்டோ வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு ஓடட்டும். உங்கள் மேஜை டிராயரில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கட்டும். பையன் தலை சுற்றுகிறது என்றால் முதலில் அதைக் கொடுங்கள், பெற்றோருக்கு போன் பிறகு. அவனைத் தனியாக ஸ்டாஃப் ரூமுக்கோ கழிப்பறைக்கோ அனுப்பாதீர்கள், வழியில் விழுந்துவிடலாம். தண்ணீர் குடிக்கவும் சிறுநீர் கழிக்கவும் அனுமதி கேட்டால் மறுக்காதீர்கள்.

தேர்வைப் பொறுத்தவரை, டைப் 1 உள்ள மாணவர்கள் மிட்டாய், பழம், சாண்ட்விச், தண்ணீர் போன்றவற்றைப் பொதுத்தேர்வு அறைக்குள் எடுத்துச் செல்ல சி.பி.எஸ்.இ. 2017-லேயே அனுமதித்தது. பொதுத்தேர்விலேயே முடியும்போது இரண்டாம் வகுப்பு மாதாந்திரத் தேர்வில் முடியாதா?

இன்னொன்று. பிறந்தநாளுக்கு வகுப்பில் மிட்டாய் கொடுக்கும்போது அவனை மட்டும் விட்டுவிட வேண்டாம். வாங்கிப் பையில் வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் ஊசிக் கணக்கோடு சேர்த்துச் சாப்பிட்டுக்கொள்வான்.

*

கேள்வி: இளையவளுக்குச் சர்க்கரை நோய் வந்ததிலிருந்து வீடே அவளைச் சுற்றித்தான் ஓடுகிறது. ஒன்பது வயது மூத்த மகன் ‘எனக்கும் சுகர் வந்தா நல்லா இருக்கும்’ என்கிறான். அவனுக்கும் வந்துவிடுமோ என்று வேறு பயம்.

- வாசகி, மதுரை

பதில்: அவன் கேட்பது சர்க்கரை நோயை அல்ல, உங்களை. தினமும் ஒரு கால் மணி நேரம், தங்கையின் பேச்சே இல்லாமல் அவனோடு மட்டும் இருங்கள். கடைக்குப் போகும்போது அவனை மட்டும் கூட்டிக்கொண்டு போனால்கூடப் போதும். அவளுக்காக வீட்டில் இனிப்பையே ஒழித்திருந்தால் அதையும் தளர்த்துங்கள். இன்சுலின் கணக்குப் பார்த்து அவளும் அளவோடு சாப்பிடலாம் எனும்போது அவன் ஏன் தண்டனை அனுபவிக்க வேண்டும்? விருப்பப்பட்டால் மீட்டரில் ஸ்ட்ரிப் செருகிக் கொடுப்பது போன்ற சின்ன வேலை கொடுக்கலாம். தங்கைக்குக் காவலாளி ஆக்கிவிடாதீர்கள்.

உடன்பிறந்தவருக்கு வரும் வாய்ப்பு நூற்றில் ஐந்தாறு அளவுதான். மற்றவர்களைவிடச் சற்று அதிகம், ஆனால் வராமலிருக்கவே வாய்ப்பு மிக அதிகம். தினமும் அவன் விரலையும் குத்திப் பார்க்க வேண்டாம். அதிக தாகம், அதிக சிறுநீர், மெலிவு தெரிந்தால் மட்டும் உடனே பாருங்கள்.

*

கேள்வி: கூலி வேலைக்குப் போகிறேன். ஏழு வயது மகனுக்கு இன்சுலின். வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது. மருந்து கெட்டுவிடுமா? செலவை எப்படிச் சமாளிப்பது?

- வாசகர், விருதுநகர் மாவட்டம்

பதில்: அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. குழந்தைகள் பிரிவில் பெயரைப் பதிந்து, மாதாமாதம் தவறாமல் வாங்குங்கள். கையில் ஒரு வாரத்துக்கான மருந்து மிச்சம் இருக்கும்போதே அடுத்ததற்குப் போய்விடுவது நல்லது.

திறக்காத மருந்தை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைக்க வேண்டும். அதைப் பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கேட்டு வைக்கலாம். ஐஸ் உறையும் ஃப்ரீஸரில் மட்டும் வைக்கக் கூடாது. ஒருமுறை உறைந்த இன்சுலின் பயன்படாது. பயன்பாட்டில் இருக்கும் பாட்டிலை நான்கு வாரம் வரை வெளியே வைக்கலாம், ஆனால் உங்கள் ஊர் வெயிலில் சும்மா வைக்க முடியாது. பெரிய மண்பானைக்குள் ஈர மணல் போட்டு, நடுவே சின்ன மண்பானை ஒன்றைப் பதித்து, பாட்டிலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு அதற்குள் வையுங்கள். ஈரத்துணியால் மூடி, நிழலில் காற்றோட்டமாக வைத்து, மணல் காயக் காயத் தண்ணீர் தெளியுங்கள். பைக் பெட்டியிலும் சட்டைப் பையிலும் வைத்து வெயிலில் அலையாதீர்கள்.

சிரிஞ்ச் விஷயத்தில் கவனம் தேவை. நம் ஊரில் கிடைக்கும் இன்சுலின் பாட்டில்களில் பெரும்பாலானவை மில்லிக்கு 40 யூனிட். அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்துக்கு ஆரஞ்சு மூடி சிரிஞ்ச். 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதே கோடு வரை எடுத்தால் இரண்டரை மடங்கு மருந்து உள்ளே போய்விடும், உயிருக்கே ஆபத்து. ஒவ்வொரு முறை மருந்து வாங்கும்போதும் பாட்டிலில் 40-ஆ 100-ஆ என்று படித்துப் பார்த்து, அதற்கேற்ற சிரிஞ்சைக் கேட்டு வாங்குங்கள்.

*

இந்த இதழுக்குக் கேள்வி அனுப்பாத பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. படுக்கையை நனைப்பதை நிறுத்திவிட்ட பிள்ளை மறுபடி நனைக்கிறது, தண்ணீர்ச் சொம்பை விடுவதில்லை, நன்றாகச் சாப்பிட்டும் மெலிகிறது. இவற்றில் இரண்டு சேர்ந்து தெரிந்தால் அன்றைக்கே ஒரு சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம், சில நொடிகளில் முடிவு. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே எடுத்துவிடலாம். மருத்துவர் தானாக எழுதித் தராவிட்டால் நீங்களே கேளுங்கள். 200-க்கு மேல் காட்டினால் மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டுக்குத் திரும்பாமல், அங்கிருந்தே குழந்தைகள் பிரிவுள்ள மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். வாந்தியும் மூச்சிரைப்பும் தொடங்கும் முன் கண்டுபிடித்துவிட்டால் பல பிள்ளைகளுக்கு ஐ.சி.யு.வே தேவைப்படாது.